பலகை ஐயாவுக்கு ஒரு நன்றி

என் வீட்டுக்காரரு எழுதின புஸ்தகம் தலையணை கனத்துக்கு இருக்கு. அதுல ஜெயிலுக்குப் போனது இருக்கு, மாநாடு போட்டது இருக்கு, மந்திரி ஆனது இருக்கு, தலைவரோட வேன்ல போறப்ப யாருக்குப் பக்கத்துல யாரு உக்காந்தாகங்கிறது கூட இருக்கு. எனக்கு ஒரு வரி இருக்கு. ‘என் துணைவியார் பூமயில் இல்லறத்தைச் செவ்வனே நடத்தினார்.’ செவ்வனேயாம்! அவுக போய்ச் சேர்ந்து வருஷம் ஒண்ணாகப் போகுது, இப்ப பதிப்பகத்துல இருந்து ஒரு பொண்ணு வந்து ரெக்கார்டரை முன்னால வச்சுக்கிட்டு, “உங்க பக்கத்துக் கதையைச் சொல்லுங்கம்மா, மனசுல இருக்கிறதைக் கொட்டிருங்க”ன்னு கேக்குது. அழுவேன், திட்டுவேன்னு பாக்குது. திட்டுறதுக்கும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா நான் சொல்ல வந்தது நன்றி, அதுவும் முதல்ல பலகை ஐயாவுக்கு.

எங்க மருதங்கரையில யாரைக் கேட்டாலும் பலகை ஐயாவைத் தெரியும். வெளியூர்க்காரவுகளுக்காகச் சொல்றேன். என் வீட்டுக்காரருக்கு அவுக அம்மா வச்ச பேரு அய்யனார். கட்சியில சேந்து அறவாழி ஆனாக. எங்க கல்யாணம் கட்சி மேடையில நடந்துச்சு. தாலியைக் கட்டினாக, கட்டின கையோட மைக்கைப் பிடிச்சாக, பிடிச்ச மைக்கை விடாம ரெண்டு மணி நேரம் பேசினாக, பேசி முடிச்சு அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு ஜீப்புல ஏறிட்டாக, நான் மாலையோட மேடையில உக்காந்து அவுக போன திசையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குப் போன மனுசன்தான். நடுவுல வந்தாக, போனாக, துணி மாத்தினாக, வந்த ஆளுகளுக்குக் காபி போடச் சொன்னாக. கெட்ட மனுசன்னு நான் சொல்ல மாட்டேன், குடி இல்ல, கை நீட்டினது இல்ல, ஊருக்கு ஒண்ணுன்னா ஓடுவாக. எல்லாருக்கும் ஓடுற கால் நம்ம வீட்டு வாசப்படி ஏறாதுங்கிறதுதான் என் வயித்தெரிச்சல்.

பலகை ஐயா வந்த வருஷம் எனக்கு அடிவயித்துல ஒரு வலி. குனிஞ்சா நிமிர முடியாது, நிமிர்ந்தா குனிய முடியாது. போன்ல சொன்னப்ப, “தவசிகிட்ட சொல்றேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான்”னாக. தவசி எங்க ஒன்றியச் செயலாளர், நல்ல பிள்ளை, ஆனா அடிவயித்து வலியை ஒன்றியச் செயலாளர்கிட்டயா சொல்ல முடியும்? சரி, மாவட்ட மாநாடு நம்ம ஊர்லயே நடக்கப் போகுது, அன்னைக்கு வீட்டுல தங்குவாக, நேர்ல சொல்லிக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். மாநாடு முடிஞ்சுது, கூட்டம் கலைஞ்சுது, வறுத்த மீனும் ரசமும் வச்சு மூடியிருந்தேன், அவுக பந்தல் வாசல்ல வச்சே கார் ஏறி மெட்ராசுக்குப் போயிட்டாக. சேதி வந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். விடிஞ்சதும் முதல் பஸ்ஸுக்குச் சாத்தூர்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடணும், திரும்பி வரவே கூடாது.

பொழுது சாயிற நேரம் அது. மாநாட்டுத் திடல் வாசல்ல அவுகளுக்கு ஒரு கட்அவுட் வச்சிருந்தாக, தென்னை மர ஒசரம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தூக்கின வலது கை, வாய் நிறையச் சிரிப்பு. அந்தக் கட்அவுட் தன்னைக் கட்டியிருந்த கயித்தை ஒவ்வொண்ணா அவுத்துப் போட்டுட்டு, சவுக்குக் கம்புக் காலை எடுத்து வச்சு, பெரிய கடைவீதி வழியா, கரண்டு கம்பிக்குக் குனிஞ்சு, கேபிள் வயருக்கு இன்னும் கொஞ்சம் குனிஞ்சு, டவுன் பஸ்காரர் ஹாரன் அடிக்கவும் ஓரமா ஒதுங்கி வழி விட்டு, பூக்கடை முன்னால மிதிபடாம காலைத் தாண்டி வச்சு, ஒருத்தரையும் வழி கேக்காம நேரா எங்க வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்னுச்சு. நான் துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். அண்ணாந்து பாத்தேன். “இப்பத்தான் வர்றீகளா? வாங்க, சாப்பிட்டாச்சா?”ன்னேன். வேற என்ன கேக்கிறது, வீட்டுக்கு வந்த ஆளை?

சாப்பிடல. காம்பவுண்டுச் சுவர்ல சாஞ்சு தண்ணித் தொட்டிப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. முன்னால இருந்து பாத்தா ஆளு, பின்னால போய்ப் பாத்தா ஆணியும் சட்டமும். நான் படியில உக்காந்து வலியைச் சொன்னேன். எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, எவ்வளவு பயமா இருக்குன்னு எல்லாத்தையும் சொன்னேன். வரைஞ்ச சிரிப்பு மாறல, ஆனா ஒரு தடவை கூட மணி பாக்கல, ஒரு தடவை கூட “சரி சரி, சுருக்கமா சொல்லு”ன்னு சொல்லல. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. கல்யாணமாகி அத்தனை வருஷத்துல, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு ஆம்பளை உக்காந்து கேட்டது அன்னைக்குத்தான். காலையில பஸ் வந்துச்சு, போயிருச்சு. நான் போகல.

தவசி மெட்ராசுக்குப் போன் போட்டு, “அண்ணே, உங்க கட்அவுட்டு வீட்டுக்குப் போயிருச்சுண்ணே”ன்னு சொன்னானாம். அவுக, “அப்படியா, நல்லதாப் போச்சு, வீட்டுல ஒரு ஆள் இருந்த மாதிரி ஆச்சு”ன்னுட்டு போனை வச்சிட்டாகளாம். கேட்டீகளா கூத்தை!

ஊருக்குப் பழக ஒரு வாரம் ஆச்சு. முதல்ல லைன்மேன் வந்தாரு, “அக்கா, இவரு எந்திரிச்சு நின்னா கம்பியில தலை இடிக்கும்”னு ஏணி போட்டு எங்க தெருக் கம்பியை மட்டும் ஏத்திக் கட்டிட்டுப் போனாரு. அடுத்தது பக்கத்து வீட்டுக் கோட்டையம்மா. “ஏத்தா பூமயிலு, உன் வீட்டுக்காரரு நிழலு என் மாடியில விழுது, மோர் மிளகாய் காயமாட்டேங்குது”ன்னு சண்டைக்கு வந்தா. பலகை ஐயா அதைக் கேட்டுக்கிட்டாரு போல. மறுநாள்ல இருந்து வெயில் நகர நகர அவரும் நகந்து உக்காந்தாரு, மிளகாய்க்கு வெயிலு, மதியத்துக்கு மேல பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகளுக்கு நிழலுன்னு. கோட்டையம்மா அதுக்கப்புறம் சண்டைக்கு வரல. “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஃபேனை விட்டு நகருதா?”ன்னு தெருப்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. பலகை ஐயாங்கிற பேரு அவ வச்சதுதான்.

கட்சிக்காரப் பயலுக சும்மா இருப்பானுகளா? அவுக பிறந்த நாளுக்குக் குடம் குடமாப் பாலைக் கொண்டாந்து, ஏணி வச்சு ஏறி, பலகை ஐயா தலையில ஊத்திட்டானுக. சாமி இல்லேன்னு சொல்ற கட்சி, பால் மட்டும் ஊத்தணுமாம்! ப்ளைவுட்டுல பாலை ஊத்தினா என்ன ஆகும்? ஊறி உப்பி, முழங்கால் பக்கம் ஏடு ஏடாப் பிரிஞ்சு, ஊர்ல இருக்கிற எறும்பு பூராம் வேட்டி மேல ஏறிருச்சு. “எடுபட்ட பயலுகளா, உங்க அப்பன் தலையில ஊத்துவீகளாடா?”ன்னு நான் விளக்குமாத்தை எடுத்தேன் பாருங்க, தவசி செருப்பை விட்டுட்டு ஓடிட்டான். அப்புறம் வெந்நீர்ல மஞ்சளைக் கரைச்சு, பழைய சீலையை நனைச்சு, முழங்காலை நானே துடைச்சு விட்டேன். ஒரு காலைத் துடைச்சு விடுறதுல இவ்வளவு சந்தோஷம் இருக்கும்னு எனக்குத் தெரியாது.

எதிர்க்கட்சிப் பெருமாள்சாமி கூட வந்தாரு. குடிதண்ணி வரலேன்னு என் வீட்டுக்காரரு கட்சியைப் பத்திக் கொல்லையில நின்னு ஒரு மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. முடிச்சிட்டு என்கிட்ட ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, “உங்க வீட்டுக்காரருக்கு இவரு எவ்வளவோ தேவலைம்மா, குறுக்க பேசல”ன்னுட்டுப் போனாரு. அப்புறம் வாரம் ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போறது அவருக்குப் பழக்கமாயிருச்சு. பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டுட்டு வந்த ஆம்பளைக, பரீட்சையில தவறிப்போன பிள்ளைக, மாமியார்கிட்ட வாய் பேச முடியாத மருமகளுக, எல்லாரும் வந்து படியில உக்காந்து சொல்லிட்டுப் போவாக. நான் காபி போட்டுக் குடுப்பேன், ஆனா காது குடுக்க மாட்டேன், அது அவுகவுக பாடு.

எலெக்‌ஷன் வந்துச்சு. தாசில்தார் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்து, “அம்மா, நடத்தை விதி வந்தாச்சு, தலைவர் சிலையெல்லாம் துணி போட்டு மூடுறோம், இவரையும் மூடணும்”னாரு. “மூடிக்கங்க, துணி கொண்டாங்க”ன்னேன். தென்னை மர ஒசரத்துக்குத் தாசில்தார் ஆபீஸ்ல ஏது துணி? சுத்தி நின்ன பொம்பளைக சிரிச்சிட்டாக. கடைசியில தெருவுல வீட்டுக்கு ஒரு பழைய சீலைன்னு எடுத்து, கோட்டையம்மா வீட்டுத் தையல் மிஷின்ல வச்சு ஓட்டி, சின்னாளப்பட்டியும் சுங்குடியும் நைலக்ஸும் கலந்து ஒரு போர்வை தைச்சோம். அதைப் போத்திக்கிட்டு எலெக்‌ஷன் முடியிற வரைக்கும் அசையாம இருந்தாரு. அவுக அந்த எலெக்‌ஷன்ல ஜெயிச்சு மந்திரி ஆனாக. ஊரு பூராம் வெடி. நான் போர்வையை எடுத்து மடிச்சு, “ஜெயிச்சிட்டீகளாம்”னு இவருகிட்டத்தான் சொன்னேன்.

என் வயித்து வலிக்கு ஆபரேஷன்னு டாக்டருக சொன்னாக, கர்ப்பப்பையை எடுக்கணும்னாக. அவுக டெல்லியில இருந்தாக. பி.ஏ. போன் பண்ணி, “அண்ணன் நலம் விசாரிச்சாகம்மா, பூ அனுப்பியிருக்காக”ன்னாரு. எங்க அண்ணன்தான் சாத்தூர்ல இருந்து வந்து கையெழுத்துப் போட்டாரு. ஆட்டோவுல நான் போக, பின்னாலயே பலகை ஐயா வந்தாரு. ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ள நுழைய முடியாதே, வெளியில நின்னுக்கிட்டாரு. மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிச்சா, மூணாவது மாடி ஜன்னல்ல அந்தச் சிரிச்ச முகம். நர்ஸம்மா வந்து, “ஐயா, பாக்கிற நேரம் முடிஞ்சுது”ன்னு சொல்லவும் மெதுவாக் குத்த வச்சு உக்காந்தாரு, ஜன்னல்ல வானம் தெரிஞ்சுது. காலையில கதவைத் திறந்ததும் மறுபடி எந்திரிச்சாரு. பக்கத்துக் கட்டில்காரி, “குடுத்து வச்சவ நீ”ன்னா. ஆமான்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் ரொம்ப நாளைக்குக் குனிய முடியல. குடத்தைத் தூக்க முடியாம குழாயடியில நின்னு அழுதிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. அவருகிட்ட மட்டும்தான் சொன்னேன். ஒரு பேச்சு கூடக் கீழ சிந்தல, அத்தனையையும் அந்தப் பலகை வாங்கி வச்சுக்கிச்சு. வெயில்லயும் மழையிலயும் சாயம் போய்க்கிட்டே இருந்துச்சு, சட்டை வெளுத்து, மீசை பாதி உதிர்ந்து, ஆனாலும் இருந்தாரு. வருஷங்க அப்படியே ஓடிருச்சு. அவுக இல்லாமலே நான் அவுக வீட்டுல இருந்தேன்னா, அது இவராலதான்.

அப்புறம் அந்த ஐப்பசி மழை. நாலு நாளா விடாம அடிச்சு, மஞ்சனாறு தரைப்பாலத்தை நடுவுல பிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அக்கரையில காலனி, அங்கிட்டு வீட்டுக்குள்ள தண்ணி; மேடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இக்கரையில. பாலம் கட்டித் தர்றேன்னு எல்லா எலெக்‌ஷன்லயும் அவுக சொன்னதுதான், அதையும் சொல்லிருறேன், மறைக்க என்ன இருக்கு. அக்கரையில நின்னு சனம் பிள்ளைகளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறது எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு. பரிசலு நிக்காது, கயிறு நிக்காது.

பலகை ஐயா எந்திரிச்சாரு. எந்திரிச்சவரு கிளம்பல, என்னைக் குனிஞ்சு பாத்தாரு. உத்தரவு கேக்கிறாரு! வெளிய போறப்ப என்கிட்டக் கேட்டுக்கிட்டுப் போகணும்னு தோணின ஆம்பளை இந்த வீட்டுல அவரு ஒருத்தருதான். ஊறின பலகை அந்த வெள்ளத்துல போனா திரும்பாதுன்னு எனக்குத் தெரியும். போகாதீகன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பிள்ளைக அழுகுற சத்தம் கேட்டுச்சு. “போயிட்டு வாங்க”ன்னேன்.

போனாரு. நானும் முக்காட்டைப் போட்டுக்கிட்டு ஓடினேன். பிச்சுக்கிட்டுப் போன இடத்துல இந்தப் பக்கம் காலை வச்சு, அந்தப் பக்கம் தலையை வச்சு, மெதுவா, தூங்கப் போற மாதிரி மல்லாந்து படுத்தாரு. சரியா இருந்துச்சு. முதல்ல ஒரு நிறைமாசக்காரி வந்தா, அப்புறம் கிழடு கட்டைக, அப்புறம் ஆடு, கோழி, டிவிப் பெட்டி. ஒருத்தர் பாக்கி இல்லாமச் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டாக. முகத்து மேல வர்றப்ப, “மன்னிச்சுக்கங்க ஐயா”ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டே வந்தாக. வேட்டி பிரியுது, சட்டை பிரியுது, ஏடு ஏடாத் தண்ணியில போகுது. நான் கரையில நின்னு ஒண்ணு நினைச்சேன். இன்னையோட சரி. கேக்கிறதுக்கு இனி ஆளு இல்ல. தண்ணி வடிஞ்சதும் நான் சாத்தூருக்குப் போயிருவேன்.

கடைசி ஆளும் வந்த பிறகு அக்கரையில வண்டிச் சத்தம். அவுக. வெள்ளத்தைப் பாக்க வந்திருக்காக, மந்திரி, கலெக்டர், குடை பிடிக்க நாலு பேரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நான், நடுவுல அவுக முகமே படுத்துக் கிடக்கு. கலெக்டர் நாளைக்குப் படகு வரும்னாரு. என் பக்கத்துல நின்ன தவசி, “அண்ணே, உங்க முகத்தை நீங்களே மிதிக்கலாமாண்ணே? சகுனம் சரியில்லண்ணே”ன்னு கத்தினான். நான் கூப்பிடல. கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.

செருப்பைக் கழட்டினாக. வேட்டியை மடிச்சுக் கட்டினாக. குடையை வேணாம்னுட்டு, அந்தப் பலகை மேல காலை வச்சாக. நெத்தி மேல வச்சப்ப சும்மாதான் வந்தாக. வாய்க்கிட்ட வந்ததும் நின்னுட்டாக. நெஞ்சுக்கு வந்ததும் ஒரு கையால தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாக. வெறுங்கால்ல நடந்தாக இல்லையா, நான் வருஷக்கணக்கா அந்தப் பலகைகிட்டச் சொன்னது பூராம் உள்ளங்கால் வழியா அவுக மேல ஏறிருச்சு. ஒரு அடிக்கு ஒரு வருஷம் மாதிரி, அவ்வளவு மெதுவா, அவ்வளவு கனமா வந்தாக. இக்கரையில ஏறினப்ப முகமே வேற முகமா இருந்துச்சு. அவுக கால் மண்ணுல பட்டதும் பலகை ஐயா விட்டுட்டாரு, பிரிஞ்சு பிரிஞ்சு தண்ணியோட போயிட்டாரு. நான் கும்பிட்டேன். ஊரே கும்பிட்டுச்சு.

ஊரு பூராம் நிக்குது. தவசி எங்கிருந்தோ மைக்கைக் கொண்டாந்து நீட்டுறான், டிவிக்காரவுக ஓடி வர்றாக. அவுக மைக்கைத் தள்ளி விட்டுட்டு என் முன்னால வந்து நின்னாக. “குழாயடியில நின்னு அழுதியா பூமயிலு?”ன்னாக.

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டேன்.

“இப்ப வலிக்குதா?”ன்னாக.

யம்மா, அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்! திட்டணும்னு சேத்து வச்சிருந்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. “இல்லங்க, ஆறிருச்சு”ன்னேன். சொல்லிட்டு ஓன்னு அழுதேன், அவுகளும் அழுதாக, மந்திரி அழுகுறாருன்னு யாரோ படம் பிடிச்சாக, பிடிச்சா பிடிக்கட்டும். அத்தனை பேரு முன்னால கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தோம். ஆக்கி வச்சிருந்தது வெறும் புளிச்சாறும் அப்பளமும்தான். சாப்பிட்டுக்கிட்டே என்னைப் பேசச் சொன்னாக. நான் பேசினேன். நடுவுல தூக்கம் கண்ணைச் சொக்கினப்பக் கூட, “நீ சொல்லு, கேக்கிறேன்”னு கண்ணைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக.

அதுக்கப்புறம் அவுக சாகுற வரைக்கும் நாங்க நல்லா இருந்தோம். பாலமும் கட்டினாக. அதை அவுக புஸ்தகத்துல ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்காக, பரவாயில்ல. இந்தக் கதையை எழுதல. ஏன்னு கேட்டதுக்கு, “எழுதினா நான் நடந்து வந்ததைத்தான் பெருமையா எழுதுவேன், அது தப்பாயிரும், நீ சொல்லு”ன்னாக. அதான் சொல்றேன்.

வெள்ளத்துக்கு மறுநாள் காலையில கலெக்டர், தவசி, கட்சிக்காரவுக, மனு குடுக்க வந்தவுகன்னு வாசல் நிறையக் கூட்டம். அவுகளைத் தேடி வந்த சனத்துக்கெல்லாம் கல்யாணமான நாள்ல இருந்து நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கேன், ஊர்ல இல்ல, ஊர்ல இல்லேன்னு. அன்னைக்குத் தலையை முடிஞ்சுக்கிட்டு நிலைப்படியில வந்து நின்னேன். உள்ள குறட்டைச் சத்தம் கேட்டுச்சு.

“வீட்டுலதான் இருக்காக”ன்னேன். “தூங்குறாக. சத்தம் போடாம அப்புறமா வாங்க.”